சந்தா கட்டியவர்களைக் காணவில்லை

“ஆளுங்களைக் காணோம் சார்!”

சொல்லிக்கொண்டே உள்ளே வந்த பெண்மணியின் கையில் ஒரு மட்டை இருந்தது. துப்பறிவாளரின் மச்சினன் நாற்காலியை விட்டு எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பயமெல்லாம் இல்லை. அடி விழுவதென்றால் முதல் அடி துப்பறிவாளருக்கு விழட்டும், வயதில் மூத்தவர் என்கிற மரியாதைதான்.

துப்பறிவாளர் அசையவில்லை. மச்சினனின் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே அவர் எதற்கும் அசைவதில்லை.

“மட்டையை மூலையில சாத்திட்டு உட்காருங்கம்மா. இவன் வெளியே வந்தாத்தான் டீ வரும்.”

அவர்களுடைய அலுவலகம் ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இஸ்திரி போடப் போட மேலே தரை சூடேறும். வருகிறவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சுருக்கமாகப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது என்பதால் துப்பறிவாளர் வாடகை கூடக் கொடுத்தே அந்த இடத்தைப் பிடித்திருந்தார்.

பெண்மணி கால்களைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டார். கூரியர் ஆபீஸ் நடத்துகிறவர். கூடவே ஒரு சாஃப்ட்பால் அணிக்கும் கேப்டன். போட்டி, கோப்பை என்றெல்லாம் பெரிய ஆசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உடம்பை வளைத்து ஓடிவிட்டு, சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் கூட்டம்.

“கிரிக்கெட் மாதிரியா மேடம்?” என்று டீயை நீட்டினான் மச்சினன்.

“பந்து பெருசு. அடிச்சிட்டுச் சுத்திச் சுத்தி ஓடணும். கடைசியில கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும்.”

“அப்போ எங்க தொழில் மாதிரிதான்.”

துப்பறிவாளர் முறைத்தார். மச்சினன் பிஸ்கட்டை வாயின் வலது பக்கத்துக்குத் தள்ளி மென்றான். கொஞ்ச நாளாகவே அவனுக்கு இடது பக்கம் விடுமுறை.

கேப்டன் விஷயத்துக்கு வந்தார். ஆடுவதற்கு ஒன்பது பேர் வேண்டும். இருப்பது ஆறு பேர்: கேப்டன், அவர் வீட்டுக்காரர், கூரியர் ஆபீஸ் பையன்கள் நாலு பேர். மிச்சம் மூன்று பேரைப் பிடிக்கத்தான் அவர் தெருத்தெருவாக அலைகிறார். ஆட்களும் கிடைக்காமல் இல்லை. கூப்பிட்டதும் வருகிறார்கள், ஆசையாக ஆடுகிறார்கள், அடுத்த நாள் சந்தாவையும் கட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவர்களுடைய நிழலைக்கூடப் பார்க்க முடிவதில்லை.

“போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறாங்க சார். நேர்ல பார்த்தா சந்துக்குள்ள புகுந்துடறாங்க. நாளைக்குக் காலையில மைதானத்துல ஒன்பது பேர் நிக்கலைன்னா, அந்த நேரத்தை நாய் பழக்குற அம்மாவுக்குக் கொடுத்துடுவேன்னு மைதானத்து மேனேஜர் சொல்லிட்டார்.”

“போகட்டுமேம்மா. வேற விளையாட்டா இல்ல?”

கேப்டன் டம்ளரைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. “எனக்காக இல்ல சார். என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதம்னு ஒருத்தர்கூடக் கிடையாது. நல்ல மனுஷன். வாரத்துல அந்த ஒரு காலைப்பொழுதுதான் அவர் நாலு பேரோட சேர்ந்து நிக்கிறார். அதுவும் போச்சுன்னா மறுபடியும் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவார்.”

மச்சினனுக்குச் சொல்ல ஒரு கிண்டல் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டான்.

“சந்தாவை யார் வாங்கறது?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“அவர்தான் பொருளாளர். அவர் வேலை பார்க்கிற இடத்துலயே போய்க் கட்டிடுவாங்க. என் ஆபீஸ் பசங்களுக்கு மட்டும் நானே சம்பளத்துல பிடிச்சுக்குவேன். கணக்கெல்லாம் சுத்தம் சார், அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

கேப்டன் மட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் தலை மறைந்ததும் மச்சினன் துள்ளி எழுந்தான்.

“கேஸ் முடிஞ்சது மாமா! நாய் பழக்குற அம்மாதான். மைதானம் வேணும்னு நாயை ஏவி விட்டிருக்கு. கடி வாங்கினவன் எவன் திரும்பி வருவான்?”

“செருப்பை மாட்டு மாப்ள. கடி வாங்கினவன் நடையைப் பார்ப்போம்.”

ஓடிப்போனவர்களில் முதல் ஆள் சலூன்காரர். நல்ல நடைதான் நடந்தார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வாடிக்கையாளருக்குக் கழுத்து மயிரை வழித்துக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் ‘சாஃப்ட்பால்’ என்றதுதான் தாமதம், தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“நல்ல விளையாட்டுங்க. நல்ல மனுஷங்க. எனக்குத்தான் முதுகு வலி,” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

“முதுகு வலிக்கு வாயை எதுக்கு அண்ணே பொத்தறீங்க?” என்றான் மச்சினன்.

“பின்ன எதைப் பொத்தறது?”

இப்படித் திருப்பிக் கொடுக்கிற ஆளை மச்சினன் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

“சரி, முதுகு வலியாவே இருக்கட்டும்,” என்றார் துப்பறிவாளர். “ஒரு நாள்தானே ஆடினீங்க? கட்டின சந்தாவைத் திருப்பிக் கேட்கலாமே. பொருளாளர் கொடுத்துடுவார். இப்பவே வாங்க, நானும் கூட வர்றேன்.”

சலூன்காரர் கையிலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. “வேண்டாம் சார். அது தர்மக் கணக்குல போகட்டும்!” என்று அலறிவிட்டு, பின்கதவு வழியாகப் போயே போய்விட்டார். பாதிக் கழுத்தோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் கண்ணாடியில் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மீதியை நான் வழிக்கவா சார்?” என்றான் மச்சினன். அவரும் அதே வழியில் போனார்.

அடுத்தவர் நீச்சல் வாத்தியார். குளத்துக்குள் நின்றபடி, மிதவைப் பலகைகளோடு தத்தளித்த ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீர்தான். துப்பறிவாளர் கரையில் உட்கார்ந்து கேள்வியைக் கேட்டதும் முழங்காலை மடக்கி மூக்கு வரைக்கும் அமிழ்ந்துகொண்டார்.

“உங்களை யாராவது மிரட்டினாங்களா?”

தண்ணீரில் குமிழி வந்தது.

“அடிச்சாங்களா?”

இன்னும் பெரிய குமிழி வந்தது.

“இவர் சொல்றதை எழுதிக்கவா, வடிகட்டவா மாமா?” என்றான் மச்சினன்.

துப்பறிவாளர் குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்: “வாத்தியாரே, சந்தாவைத் திருப்பி வாங்கிக்கலாம். பொருளாளர் உங்களை நேர்ல வரச் சொன்னார்.”

வாத்தியார் தண்ணீருக்குள் மறைந்தார். மறுகரையில் தலை தெரிந்தபோது வகுப்பிலிருந்த குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவ்வளவு வேகமாக அவர் நீந்தி அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

குளத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் துப்பறிவாளர் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கினார். மச்சினன் வேண்டாம் என்றான்.

“நீயா? ஐஸ்கிரீம் வேண்டாம்னு நீயா சொல்றே?”

“தொண்டை சரியில்ல மாமா. கேஸுக்கு வாங்க. நாய் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?”

“நாய் கடிச்சா காலைப் பொத்துவான். வாயை யாராவது பொத்துவானா?” துப்பறிவாளர் இரண்டு ஐஸ்கிரீமையும் தானே சாப்பிட ஆரம்பித்தார். “சரி, இதைச் சொல்லு. இவங்க சந்தாவை எப்போ கட்டினாங்க?”

“பயிற்சிக்கு வந்ததுக்கு அடுத்த நாள்.”

“மைதானத்துல பயந்தவன் அடுத்த நாள் போய்ப் பணம் கட்டுவானா? அப்போ பயம் மைதானத்துல இல்ல. கட்டின பணத்தைத் திருப்பித் தர்றேன்னா ஓடறான். நம்ம ஊர்ல பணத்தை வேண்டாம்னு சொல்றவன் எவனாவது உண்டா? அது பணத்து மேல பயம் இல்ல, பணம் இருக்கிற இடத்து மேல பயம். இன்னொண்ணு. கூரியர் பசங்க நாலு பேரும் ஏன் ஓடலை?”

மச்சினன் யோசித்தான். யோசித்ததில் நாக்கு தானாக இடது பக்கம் போனது. உடனே திரும்பி வந்துவிட்டது.

“அவங்களுக்குச் சம்பளத்துல பிடிச்சுடறாங்க,” என்றான் மெதுவாக. “பொருளாளர் இருக்கிற இடத்துக்கு அவங்க போனதே இல்ல.”

“பரவாயில்லையே! உங்க அக்கா சொன்ன அளவுக்கு நீ மோசமில்ல. எழுந்திரு. கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போறோம். கேப்டன் வீட்டுக்காரரைப் பார்க்கணும்.”

மருந்துக்கடைத் தெருவில் இருவரும் நடந்தார்கள். கேப்டன் கொடுத்துவிட்டுப் போன விலாசச் சீட்டு துப்பறிவாளர் கையில் இருந்தது. தெருவின் பாதியில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மச்சினனைக் காணோம். எதிர்ச் சாரியில், ஒரு குடைக்கடை ஓரமாக, சுவரோடு சுவராக ஒட்டி நடந்துகொண்டிருந்தான்.

“அங்க என்னடா பண்றே?”

“இந்தப் பக்கம் நிழல் மாமா.”

வெயில் மொத்தமும் அந்தப் பக்கம்தான் அடித்தது. துப்பறிவாளர் அவனைப் பார்த்தார். பிறகு தன் தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்தார். ஒரு பெரிய வெள்ளைக் கடவாய்ப் பல்லுக்குக் கையும் காலும் வரைந்து, அது சிரிக்கிற மாதிரி வேறு வரைந்திருந்தார்கள். பிறகு சீட்டிலிருந்த கதவு எண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் கல்யாண நாளுக்கு முன்னால் எடுத்த போட்டோக்களில் மட்டுமே காணக்கிடைக்கும் ஒரு சிரிப்பு வந்தது.

“இங்க வா மாப்ள. பொருளாளர் வேலை பார்க்கிற இடம் இதுதான்.”

மச்சினன் குடைக்கடைச் சுவரை விட்டு நகரவில்லை. “நான் வெளியே காவலுக்கு நிக்கிறேன் மாமா.”

“நீதான் புது ஆட்டக்காரன். சந்தா கட்ட வந்திருக்கே. ஒன்பதுல ஒரு ஆளும் ஆச்சு, குற்றவாளியைக் கையும் களவுமாப் பிடிச்ச மாதிரியும் ஆச்சு. நட.”

உள்ளே காத்திருப்பு அறை என்று ஒன்று முன்பு இருந்திருக்கவேண்டும். இப்போது அங்கே கிடந்ததெல்லாம் மட்டைகள், கையுறைகள், பந்து மூட்டைகள், அணியின் பச்சைச் சட்டைகள் அடைத்த பெட்டிகள். நாற்காலிகளை எல்லாம் எடுத்து எங்கோ போட்டுவிட்டார்கள். அந்த இடம் முழுவதிலும் உட்காருவதற்கு இருந்தது ஒரே ஒரு ஆசனம். அது உள்ளறையில், பெரிய விளக்குக்குக் கீழே, கால் நீட்டிப் படுக்கிற மாதிரி இருந்தது.

“வாங்க வாங்க! டீமுக்கா?” வெள்ளைக் கோட்டுப் போட்ட பல் டாக்டர் வாசலுக்கே ஓடிவந்தார். குழந்தைக்கு இருக்கிற முகம் அவருக்கு. புது ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் கையைத் தேய்த்துக்கொண்டார். “நிக்காதீங்க, உட்காருங்க. வேற நாற்காலி இல்ல, இதுலயே சாய்ஞ்சுக்குங்க.”

மச்சினன் உட்கார்ந்தான். பணத்தை நீட்டினான். டாக்டர் அதை வாங்கி மரியாதையாக மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு அவருடைய இடது கால், அவருக்கே தெரியாமல், கீழே ஒரு பெடலை மிதித்தது. நாற்காலி மெல்லப் படுத்தது. வலது கை தானாக உயர்ந்து விளக்கைப் போட்டது.

“எந்த இடத்துல ஆட ஆசை?” என்று பிரியமாகக் கேட்டபடி கண்ணாடிக் குச்சியை எடுத்தார் டாக்டர். “ஆ காட்டுங்க.”

மச்சினன் உதட்டைப் பூட்டிக்கொண்டான். “ம்ம்,” என்றான்.

“சும்மா ஒரு பார்வைதான். நம்ம டீம் ஆளுங்களுக்குக் காசே கிடையாது. சலூன்காரருக்கு மூணு எடுக்கணும், வாத்தியாருக்கு வேர் வரைக்கும் போகணும். எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமையே நேரம் கொடுத்திருக்கேன். ஆடி முடிச்சதும் நேரா இங்க வந்துடலாம்னு சொன்னேன். பாவம், ரெண்டு பேருக்கும் அன்னைக்குப் பார்த்து வேற ஏதோ வேலை வந்துடுச்சு.”

துப்பறிவாளர் தொண்டையைச் செருமினார். “டாக்டர், சந்தா கட்ட வந்த எல்லார் வாயையும் பார்த்தீங்களா?”

“நாற்காலியில உட்கார்ந்தா பார்க்காம எப்படிங்க?” டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. விளக்கைப் பார்த்தார், பெடல் மேலிருந்த தன் காலைப் பார்த்தார். மெதுவாகக் காலை எடுத்துக்கொண்டார்.

வாசலில் சத்தம் கேட்டது. புதுச் சட்டைப் பெட்டி ஒன்றோடு கேப்டன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

“நானாங்க விரட்டினேன்?” என்றார் டாக்டர், மனைவியைப் பார்த்து. “நல்லதுதானே சொன்னேன். ஒருத்தர் பேசினா எனக்கு முகம் தெரிய மாட்டேங்குது. பல்லுதான் தெரியுது. முதல்ல இருந்தே அப்படித்தான்.”

கேப்டன் பெட்டியைக் கீழே போட்டார். “தெருவுல இவரைப் பார்த்தாலே ஆளுங்க எதிர்ப் பக்கம் போயிடுவாங்க சார். விசேஷத்துக்குப் போனா எங்க பக்கத்து நாற்காலிங்க காலியா இருக்கும். அதுக்குத்தான் இந்த டீமையே ஆரம்பிச்சேன். மட்டை மூட்டையைக் கொண்டுவந்து இங்க அடைச்சு, இருந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டதும் நான்தான்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சினன் படுத்த நிலையிலேயே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குடைக்கடைச் சுவர் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

துப்பறிவாளர் மேசை இழுப்பறையிலிருந்து பணத்தை எடுத்துக் கேப்டன் கையில் கொடுத்தார். “பொருளாளரை மாத்துங்கம்மா. சந்தா வாங்கற இடம் இனிமே சலூன். சலூன்காரருக்குப் பதவி கொடுத்தா முதுகு வலி போயிடும். ஞாயித்துக்கிழமை அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ரத்து. நாற்காலியில உட்காராதவன் பல்லை டாக்டர் பார்க்கக் கூடாது.”

“எப்படிங்க பார்க்காம இருக்கிறது?” என்றார் டாக்டர் பரிதாபமாக.

“மைதானத்துலேயே தூரமான இடம் எது?”

“கடைசி எல்லை. வேலியோரம்.”

“அதான் உங்க இடம். அங்கிருந்து ஆள் தெரியும், பல்லு தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் ஒன்பது பேர் நின்றார்கள். மேனேஜர் தலைகளை எண்ணினார், அசந்து போனார், மறுபடியும் எண்ணினார். இரண்டைத் தவிர எல்லாத் தலையும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது. சந்தா கட்டச் சலூனுக்குப் போனவர்களை எல்லாம் புதுப் பொருளாளர் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டாராம். கூரியர் பையன்களும் புது இடத்தில்தான் கட்டுவோம் என்று போய் அகப்பட்டுக்கொண்டார்கள். சம்பிரதாயத்துக்குக் கூட வந்த துப்பறிவாளருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச முடியும் போயிருந்தது. கேப்டனும் டாக்டரும் மட்டும் தப்பித்தார்கள்.

“உங்க அக்கா என்னை வீட்டுக்குள்ளயே விடலை,” என்றார் துப்பறிவாளர் மைதானத்து ஓரத்திலிருந்து.

“எனக்கும் அதே கதிதான் மாமா. யாரோ ஜெயில்ல இருந்து வந்திருக்கான்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா.”

வேலிக்கு அப்பால் நாய் பழக்குற அம்மா தன் படையோடு காத்திருந்தார். ஆட்டம் தொடங்கியது. முதலில் அடித்த கூரியர் பையன் பந்தை வானத்துக்கு அனுப்பினான். அது போய்க்கொண்டே இருந்தது. வேலியோரத்தில் தனியாக நின்றிருந்த டாக்டர் அண்ணாந்து பார்த்து, முன்னால் வந்து, பின்னால் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். பந்து கையுறைக்குள் வந்து உட்கார்ந்தது.

அவ்வளவுதான். அடித்தவன் உட்பட எல்லோரும் கத்திக்கொண்டு அவரை நோக்கி ஓடினார்கள். நீச்சல் வாத்தியார் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சலூன்காரர் முதுகில் தட்டினார். எல்லா வாயும் காதுவரை திறந்து கிடந்தது. திடீரென்று யாருக்கோ ஞாபகம் வந்தது. ஒரே நொடியில் அத்தனை வாயும் டப்பென்று மூடிக்கொண்டது.

கேப்டன் நின்ற இடத்திலேயே நின்றார்.

வாத்தியாரின் தோளில் இருந்த டாக்டர் கண்ணைத் திறக்கவே இல்லை. இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். “நான் பார்க்கலை,” என்றார். “சத்தியமா ஒண்ணுகூடப் பார்க்கலை. நீங்க சிரிங்க.”

முதலில் சலூன்காரருக்குத்தான் தாங்கவில்லை. அவர் வெடித்தார், வாத்தியார் குலுங்கினார், பையன்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கேப்டன் அழுதுகொண்டே சிரித்தார். மச்சினன் இடது பக்கத்தைக்கூட மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

டாக்டரின் தலை மெல்ல அவன் பக்கம் திரும்பியது. கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

“இதுல ஒரு சிரிப்புல மட்டும் காத்து கசியுதே,” என்றார். “கீழ் வரிசை. இடது பக்கம். கடைசிக்கு முந்தினது.”

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஓரத்திலிருந்த துப்பறிவாளர், ‘நேற்றே தெரியும்’ என்கிற மாதிரி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டார். ஓடுவதானால் இப்போதே ஓடவேண்டும். வேலிக் கதவும் திறந்துதான் கிடந்தது.

அவன் கையை எடுத்தான்.

“ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன் டாக்டர்,” என்றான். “ஆனா சிநேகிதனா வர்றேன். உட்கார வேற நாற்காலி போட்டு வைங்க.”

டாக்டர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அவன் வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.